ஆறுக்கு மூன்று

காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ்
காவேரிப்பட்டணத்தில் என்னை உதிர்த்துவிட்டுப் போகும்.
மாம்பழ சீசன். கூழ் ஃபேக்டரி வாசலில்
பெங்களூரா ஏற்றிய லாரிகளின் வரிசை,
இனிப்பும் புளிப்புமாய்க் காற்று.
ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது
எனக்கு ராத்திரி தொடங்குகிறது.

எட்டரைக்குப் படுத்தால் பத்து வரை தூக்கம்.
பத்துக்கு மேல் சிமெண்ட் ஷீட் விழித்துக்கொள்ளும்.
ஆணி அடித்த இடங்களில் முதலில் ஒரு முறுக்கம்,
டிக், டிக்.
பிறகு சத்தமில்லாமல் இறங்கும்.
இறங்கியதை ஃபேன் வாங்கி
என் முகத்தில் எறியும்.

சூளகிரியில் நான் வேலை பார்க்கும் ஹாலில்
எந்நேரமும் இருபத்திரண்டு டிகிரி.
எங்களுக்காக இல்லை, போர்டுகளுக்காக.
விரல்நகம் அளவுச் சில்லுக்கு
வியர்த்துவிடக் கூடாது.
ஒரு டிகிரி ஏறினால் சூப்பர்வைசர் ஓடி வருவார்.

குளிர்கூரை மானியம் என்று
வார்டு வாட்ஸ்அப்பில் வந்தது.
மேலே வெள்ளைப் பூச்சு, உள்ளே தெர்மாகோல் தட்டி,
முக்கால் பங்கு அரசு, கால் பங்கு நாம்.
ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில்,
வீட்டுக்காரர் சம்மதக் கடிதம்.
நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடுவதற்குள் சொன்னார்:
"வேலை முடிஞ்சா வாடகை முன்னூறு ஏத்துவேம்மா.
குளுகுளுன்னு இருக்குமில்ல?"

அளக்க வந்தவர் பெயர் திம்மராஜ்.
வீட்டுக்கு அறுபது ரூபாய் கூலியாம்.
பிற்பகல் இரண்டு மணி. பாதித் தூக்கத்தில் கதவு திறந்தேன்.
துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக்
கூரையைச் சுட்டார்: ஐம்பத்து மூன்று.
சுவர், நாற்பத்தொன்று.
தரை, முப்பத்தாறு.
"தலையணையைச் சுடுங்க சார்."
சிரித்தார். பிறகு சுட்டார்.
முப்பத்தொன்பதரை.
"இதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

'இரவில் வீட்டில் உறங்குவோர்' என்று ஒரு கட்டம் இருந்தது.
"யாரும் இல்லை" என்றேன்.
"சைபர் போட்டா சிஸ்டம் எடுக்காது.
ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."
இப்படித்தான் அரசாங்கக் கணக்கில் மட்டும்
நான் ராத்திரி தூங்குகிறேன்.
செருப்பை மாட்டும்போது கேட்டேன்,
"உங்க வீடு எப்படி சார்?"
"ஷீட்டுதான்" என்றார், வண்டியை உதைத்துக்கொண்டே.

பரிசீலனையில் உள்ளது.
அடுத்த வாரமும் பரிசீலனையில் உள்ளது.
வைகாசி பாதி போயிற்று.
ஈரத்துணியை முகத்தில் போட்டுப் படுத்து,
அது காய்ந்ததும் எழுந்து நனைத்து,
ஒரு ராத்திரி லைனில் நின்றபடியே கண் சொக்கி
மூன்று போர்டுகளைத் தலைகீழாய்ச் செருகினேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்த ஞாயிறு ஐந்து கிலோ சுண்ணாம்பும்
ஒரு டப்பா ஃபெவிகாலும் வாங்கினேன்.
முழுக் கூரைக்குக் காணாது.
பக்கத்து வீட்டுப் பலகையைக் குறுக்கே போட்டு
தவழ்ந்து தவழ்ந்து போனேன்.
கீழே என் பாய் எங்கே என்று மனதுக்குள் அளந்து
நேர்மேலே பூசினேன்,
ஆறடிக்கு மூன்றடி, இரண்டு கோட்டிங்.
எதிர் மாடியில் துணி காயப்போட்டிருந்த பாக்கியம் கத்தினாள்:
"யாருக்குடி மேல பாய் விரிச்சிருக்க?"

பத்தாம் நாள் திம்மராஜ் மறுபடி வந்து
தெருவில் நின்றபடியே போட்டோ எடுத்துப் போனார்.
வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி:
'கூரை ஏற்கெனவே வெண்மையாக்கப்பட்டுள்ளதால்
தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'
நஞ்சுண்டனிடம் சொன்னேன்.
முன்னூறு போன வருத்தம் அவர் முகத்தில்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்,
யாருக்கு, எந்தப் படிவம் என்றெல்லாம் கீழே இருந்தது.
பாயில் மல்லாந்து படித்துக்கொண்டிருந்தேன்.
போன் கை நழுவி நெஞ்சில் விழுந்தது தெரியும்.
அடுத்துக் கண் திறந்தபோது மணி
பதினொன்றே கால்.